பிஎஸ் செல்டா ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

1995 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6 மணி. ஜப்பானில் நிண்டெண்டோவின் விளையாட்டு இயந்திரமான சூப்பர் ஃபேமிகாமுக்கு அடியில் சேட்டலாவியூ என்ற கருவியைப் பொருத்தி வைத்திருந்தவர்களின் வீட்டுக்கு பிஎஸ் செல்டா என்ற ஒரு புதிய செல்டா விளையாட்டு செயற்கைக்கோள் வழியாக வந்து இறங்கியது. 7 மணிக்கு முடிந்துவிட்டது. அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அப்படி நான்கு ஞாயிறுகள், ஆகஸ்ட் 27 வரை. 1986-இல் வந்த முதல் செல்டாவையே புதிய படங்களோடு, புதிய நில அமைப்போடு மாற்றிச் செய்திருந்தார்கள். பிறகு சில முறை மறு ஒளிபரப்பு நடந்தது. 1995 டிசம்பர் கடைசியில் வேறொரு வரைபடத்தோடும் வந்தது. கடையில் மட்டும் அது ஒருநாளும் விற்பனைக்கு வரவில்லை.

இதை இன்று ஓட்ட முயல்கிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை மற்ற பழைய விளையாட்டுகளுக்கு வராதவை. "கோப்பு கெட்டுவிட்டதா? என் கணினியில் கோளாறா?" என்று தேடித் தேடி நேரம் போகிறது. இரண்டுமே பெரும்பாலும் காரணமாக இருக்காது. இந்த விளையாட்டில் பாதிதான் கோப்பில் இருக்கிறது. மீதிப் பாதி அன்று மாலை காற்றில் வந்தது. கதை சொல்லும் குரல், வாத்திய இசை, கடிகார நேரம் எல்லாம் ஒளிபரப்போடு வந்து ஒளிபரப்போடு போய்விட்டன. விளையாடுகிறவரின் பெயர்கூட இந்தக் கோப்பில் கிடையாது. அது வேறொரு கேட்ரிட்ஜில் (இயந்திரத்தில் செருகும் விளையாட்டுப் பெட்டியில்) இருந்தது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது இல்லாமல் போயிருப்பது எந்தத் துண்டு?

முதலில், கையில் இருப்பது எந்தக் கோப்பு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே படித்துப் பயனில்லை. மூன்று வகைக் கோப்புகள் புழக்கத்தில் உள்ளன.

ஒன்று, மெமரி பேக்கிலிருந்து எடுத்த அசல் நகல். சேட்டலாவியூவோடு வந்த பிஎஸ்-எக்ஸ் கேட்ரிட்ஜின் மேல் ஒரு சின்ன மெமரி பேக் செருகுவார்கள். 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட். கோப்பின் அளவு சரியாக 10,48,576 பைட் இருக்கும்.

இரண்டாவது, அந்த நகலின் மேல் ரசிகர்கள் பேட்ச் (கோப்பில் மாற்றங்களைச் செய்யும் சிறு கோப்பு) போட்டு, ஒளிபரப்பு இல்லாமலே ஓடும்படி செய்த கோப்பு. நான்கு வாரங்களையும் ஒரே விளையாட்டாகச் சேர்த்து, நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, சாதாரண கேட்ரிட்ஜ் போல நடந்துகொள்ளச் செய்ததும் இந்த வகைதான்.

மூன்றாவது, வாரம் வாரமாகத் தனித்தனியே இருந்து, குரலையும் சேர்த்து ஒலிக்கும்படி எம்எஸ்யூ-1 முறைக்கு (கீழே விளக்குகிறேன்) மாற்றியது.

விளையாட மட்டும் ஆசையென்றால் இரண்டாவது போதும். கிட்டத்தட்ட எந்தச் சிக்கலும் வராது. அந்த ஞாயிறு மாலை எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மூன்றாவது. என் கருத்தில் அதுதான் உண்மையான பிஎஸ் செல்டா. அசல் நகல் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் பாதுகாக்கிறவர்களுக்கும் உரியது. அதை நேரடியாக எமுலேட்டரில் (பழைய இயந்திரம் போலக் கணினியில் நடந்துகொள்ளும் நிரலில்) போட்டுவிட்டு "ஓடவில்லை" என்று சொல்கிறவர்கள்தான் நான் பார்த்தவரை பாதிக்கு மேல்.

விளையாட்டின் உரிமை இன்னும் நிண்டெண்டோவிடம் இருக்கிறது. கோப்பை எங்கே எடுப்பது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ரசிகர்கள் பரிமாறிக்கொள்ளும் பேட்சில் மாற்றங்கள் மட்டுமே இருக்கும், விளையாட்டு இருக்காது. இதே சேட்டலாவியூவில் 1996-இல் வந்த 'ராடிக்கல் ட்ரீமர்ஸ்' 2022 ஏப்ரலில் 'குரோனோ கிராஸ்' மறுபதிப்போடு முறைப்படி வெளிவந்தது. ஒளிபரப்பில் மட்டும் வந்த விளையாட்டு எதையாவது சிக்கலே இல்லாமல் ஆட வேண்டுமென்றால் அதிலிருந்து தொடங்கலாம்.

திறந்தவுடன் கறுப்புத் திரை

அசல் நகல் என்றால் முதல் சந்தேகம் பயோஸ் மேல். பிஎஸ்-எக்ஸ் கேட்ரிட்ஜில் இருக்கும் நிரலைத்தான் பயோஸ் என்கிறோம். விளையாட்டு தொடங்கும்போதே அதிலுள்ள செயல்களை அழைக்கும். அது இல்லையென்றால் அழைப்பு எங்கோ வெற்றிடத்துக்குப் போய் இயந்திரம் நின்றுவிடும். ஸ்னெஸ்9எக்ஸ் என்ற எமுலேட்டரில் பயோஸ் கோப்புகளுக்கென்று அமைப்பில் ஒரு கோப்புறை குறிக்கப்பட்டிருக்கும். அதில் பிஎஸ்-எக்ஸ்.பின் என்ற பெயரில் (ஆங்கிலத்தில், நடுவே சிறு கோட்டோடு) வைக்க வேண்டும். மெசென் என்ற எமுலேட்டர், பயோஸ் இல்லையென்றால் தானே கேட்கும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. பயோஸும் 10,48,576 பைட், மெமரி பேக் நகலும் 10,48,576 பைட். அளவைப் பார்த்து வேறுபடுத்த முடியாது. இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. பயோஸை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள். பெயர் கேட்கும் திரையோ ஊரோ வந்தால் அது பயோஸ்தான்.

அளவு 10,49,088 என்று காட்டினால் முன்னால் 512 பைட் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய காலத்து நகலெடுக்கும் கருவிகள் போட்ட தலைப்பு அது. சில எமுலேட்டர்கள் தாமாகக் கழித்துக்கொள்ளும். ஆனால் பேட்ச் போடும்போது அது பெரிய தொல்லை, ஏனென்றால் ஒவ்வொரு மாற்றமும் 512 இடம் தள்ளிப் போய் விழும். அந்த 512 பைட்டை வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

பேட்ச் போட்ட கோப்பிலும் கறுப்புத் திரைதானா? பேட்சின் வகையைப் பாருங்கள். ஐபிஎஸ் வகை பேட்ச் எந்தக் கோப்பின் மேல் போடுகிறோம் என்று சோதிக்காது. தவறான வாரத்தின் கோப்பில் போட்டாலும் "முடிந்தது" என்றே சொல்லும். பிபிஎஸ் வகை அப்படியில்லை. மூலக் கோப்பின் சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) அதிலேயே இருக்கும், பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். ஐபிஎஸ் மட்டும்தான் கிடைத்தது என்றால் அதனோடு வரும் குறிப்பில் மூலக் கோப்பின் சரிபார்ப்பு எண் இருக்கிறதா என்று தேடி, உங்கள் கோப்பின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே போடுங்கள். போடும் முன் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எழுத்துகள் மட்டும் சிதறித் தெரிவதற்கும் பெரும்பாலும் இதே காரணங்கள்தான்: 512 பைட், அல்லது இரண்டு பேட்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டது.

ஊர் திறக்கிறது, நடமாட முடிகிறது, செல்டா மட்டும் இல்லை

இது கோளாறே இல்லை. ஒளிபரப்புகளைத் தேர்ந்தெடுக்க சேட்டலாவியூவில் பட்டியலாக மெனு கிடையாது. அதற்குப் பதில் ஒரு ஊர். பெயர் திருடப்பட்ட ஊரின் கதை என்பதுதான் அந்தக் கேட்ரிட்ஜின் தலைப்பு. ஒவ்வொரு கட்டடமும் ஒரு ஒளிபரப்பு அலைவரிசை. அந்தக் கட்டடத்துக்குள் போனால் அந்த நேரத்தில் காற்றில் வந்துகொண்டிருக்கும் விளையாட்டோ இதழோ இறங்கும். ஒளிபரப்பு நின்றுவிட்டதால் இன்று கட்டடங்கள் காலி. நிண்டெண்டோ 1999 மார்ச்சில் விலகிக்கொண்டது. வானொலி நிலையமான செயின்ட் கிகா 2000 ஜூன் 30 வரை தனியாக நடத்தியது. கடல் அலைச் சத்தத்தையும் இயற்கை ஒலிகளையும் ஒலிபரப்புவதற்கென்றே தொடங்கிய நிலையம் அது. விளையாட்டுகள் அதன் அலைவரிசையில் வந்தது இன்று நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

செல்டாவைத் தொடங்க இரண்டு வழி. கோப்பை மெமரி பேக்காக ஏற்றியிருந்தால், பயோஸின் தொடக்க மெனுவில் மெமரி பேக்கிலிருந்து ஏற்றும் வரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். ஆங்கிலப் பேட்ச் போட்ட பயோஸ் இருந்தால் எளிது. ஊருக்குள் நடந்துபோய் கட்டடத்திலிருந்து இறக்க வேண்டுமென்றால் எமுலேட்டருக்கு ஒளிபரப்புத் தரவுக் கோப்புகளையும் கொடுக்க வேண்டும். ஸ்னெஸ்9எக்ஸ், பிஎஸ்நெஸ் பிளஸ் போன்ற எமுலேட்டர்கள் அவற்றைத் தனிக் கோப்புறையிலிருந்து படிக்கின்றன. அலைவரிசை எண்ணும் பகுதி எண்ணும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் கட்டடம் காலியாகத்தான் தெரியும்.

ஊருக்குள் நுழையும் முன் உங்கள் பெயரையும் ஆணா பெண்ணா என்பதையும் கேட்கும். அவசரப்பட்டு ஏதோ ஒரு எழுத்தை அழுத்திவிட்டுப் போகாதீர்கள். பிஎஸ் செல்டாவின் நாயகன் லிங்க் இல்லை, அந்தப் பையனோ பெண்ணோதான். தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன், அல்லது செம்பட்டை முடிப் பெண். நீங்கள் இங்கே கொடுத்த பெயர்தான் விளையாட்டுக்குள் வரும். "நாயகன் பெயர் வெறுமையாக இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் பயோஸைத் தாண்டி நேரடியாக விளையாட்டைத் தொடங்கியவர்களாக இருப்பார்கள்.

தொடக்கத்திலேயே நிற்கிறது, அல்லது தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடுகிறது

இது கடிகாரச் சிக்கல். பிஎஸ் செல்டா மணி பார்த்து நடக்கும் விளையாட்டு. மாலை 6 மணிக்கு ஒளிபரப்பு தொடங்கும், முன்னுரை ஓடும், அப்புறம் கட்டுப்பாடு உங்கள் கைக்கு வரும், 7 மணிக்குள் முடிந்துவிடும். ஆட்டம் ஏறக்குறைய 50 நிமிடம். எந்த நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது இந்த மணியோடு கட்டப்பட்டிருக்கிறது.

செயற்கைக்கோளிலிருந்து வந்த நேரத்துக்குப் பதிலாக எமுலேட்டர் உங்கள் கணினியின் நேரத்தைக் கொடுக்கிறது. நீங்கள் இரவு 10 மணிக்கு உட்கார்ந்தால், விளையாட்டைப் பொறுத்தவரை ஒளிபரப்பு எப்போதோ முடிந்துவிட்டது. காலை 10 மணி என்றால் இன்னும் தொடங்கவே இல்லை.

மெசெனில் சேட்டலாவியூவுக்குத் தனியாகத் தேதியும் நேரமும் கொடுக்கும் வசதி இருக்கிறது. பிஎஸ்நெஸ் பிளஸிலும் உண்டு. மாலை 6 மணிக்குச் சற்று முன்னால் வைத்து, இயந்திரத்தை முழுதாக அணைத்து மறுபடி தொடங்குங்கள். எமுலேட்டர் ஆட்டத்தின் நடுவில் சேமித்து வைத்த நிலையிலிருந்து ஏற்றாதீர்கள். பழைய நேரம் அதோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். இந்த வசதி இல்லாத எமுலேட்டர் என்றால் கணினியின் நேரத்தையே மாற்றிப் பார்க்கலாம்.

ஒரு சந்தேகம் வரும்: ஜப்பான் நேரத்தையா வைப்பது? வேண்டாம். ஜப்பானில் மாலை 6 என்றால் இந்தியாவில் பிற்பகல் 2:30 என்பது உண்மைதான், ஆனால் எமுலேட்டர் நேர மண்டலத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் கணினியின் கடிகாரம் 6 என்று காட்டினால் போதும்.

நேரத்தைச் சரியாக வைத்த பிறகும் அசல் நகல் தொடக்கத்திலேயே நின்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். குரல் ஒளிபரப்போடு இணைந்து ஓடும் இந்த வகை விளையாட்டுகளுக்கு சவுண்ட்லிங்க் என்று பெயர். ஒளிபரப்பு வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிரல் அது. அந்த எதிர்பார்ப்பை நீக்குவதற்குத்தான் பேட்ச். அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டம் ஓடுகிறது, குரலே இல்லை

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். குரல் கோப்பில் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. நடிகர்கள் பேசியதும் வாத்தியக் குழுவின் இசையும் வானொலி ஒலியாக நேரடியாக வந்து தொலைக்காட்சியில் ஒலித்தன. மெமரி பேக்கில் ஒரு நொடிகூடப் பதியவில்லை. இன்று நமக்குக் கிடைப்பது அன்று யாரோ ஒருவர் வீட்டில் ஒலிநாடாவிலோ வீடியோ நாடாவிலோ பதிவு செய்து, தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் மட்டுமே.

பல இடங்களில் ஒளிபரப்பு இசைக்கு வழிவிட்டு விளையாட்டின் சொந்த இசை நின்றுவிடும். அதனால் குரல் சேர்க்காத கோப்பில் வாள் வீச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு சுற்றிலும் அமைதியாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது அப்படித்தான்.

குரல் வேண்டுமென்றால் எம்எஸ்யூ-1 முறை. சூப்பர் ஃபேமிகாமில் இல்லாத, ரசிகர்கள் உருவாக்கிய ஒரு கற்பனைச் சில்லு அது. நீண்ட ஒலிக் கோப்புகளை விளையாட்டே அழைத்து ஒலிக்கச் செய்யும். ஸ்னெஸ்9எக்ஸ் 1.55 முதல் இதை ஏற்கிறது, பிஎஸ்நெஸும் ஏற்கிறது, கோப்புகளை நினைவட்டையிலிருந்து ஏற்றும் எஸ்டி2ஸ்னெஸ் கேட்ரிட்ஜ் இருந்தால் நிஜ இயந்திரத்திலும் ஓடும்.

எல்லாம் போட்டும் ஒலி வரவில்லையென்றால் பத்தில் ஒன்பது முறை கோப்புப் பெயர்தான் காரணம். விளையாட்டுக் கோப்பு, எம்எஸ்யூ கோப்பு, பிசிஎம் (ஒலி) கோப்புகள் மூன்றும் ஒரே கோப்புறையில், ஒரே பெயரில் இருக்க வேண்டும். பிசிஎம் கோப்பில் மட்டும் பெயருக்குப் பின் ஒரு கோடும் தட எண்ணும் வரும். விளையாட்டின் பெயர் 'செல்டா1' என்றால் எம்எஸ்யூவும் 'செல்டா1', ஒலிகள் 'செல்டா1-1', 'செல்டா1-2'. (நிஜத்தில் ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள், பிற எழுத்துகளில் சில எமுலேட்டர்கள் தடுமாறும்.) எம்எஸ்யூ கோப்பு 0 பைட் என்று காட்டினால் கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். பல தொகுப்புகளில் அது வெற்றுக் கோப்புதான். ஆனால் அது இருந்தால்தான் எமுலேட்டர் சில்லு இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

பெயர் சரி, இன்னும் ஒலி இல்லை என்றால் பிசிஎம் கோப்பின் உள்ளே பாருங்கள். முதல் நான்கு பைட்டில் எம், எஸ், யூ, 1 என்ற ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். அடுத்த நான்கில் எங்கிருந்து மறுபடி ஒலிக்க வேண்டும் என்ற எண். அதன்பின் ஒலி. ஒரு வேவ் கோப்பின் பெயரை மட்டும் பிசிஎம் என்று மாற்றி வைத்தால் வேலை செய்யாது. இதற்கென்று இருக்கும் மாற்றி நிரலில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இடமும் பாருங்கள். ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் ஆகும். நான்கு வாரம் சேர்த்தால் இரண்டரை ஜிகாபைட். பாதியில் நின்ற பதிவிறக்கத்தால் கடைசி பத்து நிமிடம் மட்டும் குரல் இல்லாமல் போனதும் உண்டு.

குரல் வருகிறது, ஆனால் நடப்பதோடு ஒட்டவில்லை

குரல் ஒட்டவில்லையென்றால் கதை கெடுவதோடு நிற்காது, விளையாட்டே மாறிவிடும். குறிப்பிட்ட நிமிடங்களில் குண்டுகள் தீராமல் கிடைக்கும், வேறொரு நேரத்தில் எதிரிகள் அப்படியே உறைந்து நிற்பார்கள். அதைக் குரல்தான் முன்கூட்டியே சொல்லும். குரல் பின்தங்கினால் நல்ல வாய்ப்பு முடிந்த பிறகு அறிவிப்பு வரும்.

எப்படி விலகுகிறது என்று கவனியுங்கள். ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவு தள்ளி இருக்கிறதா? அப்படியென்றால் பேட்சும் ஒலித் தொகுப்பும் வெவ்வேறு ஆட்கள் செய்தவை. ஒருவர் முன்னுரையோடு சேர்த்து வெட்டியிருப்பார், இன்னொருவர் ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

முதலில் சரியாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறதா? குரலின் தன்மையைக் கேளுங்கள். எல்லோரும் தடித்த குரலில் இழுத்துப் பேசினால் 48,000 மாதிரி வீதத்தில் இருந்த பதிவை அப்படியே பிசிஎம்மில் போட்டிருக்கிறார்கள். எம்எஸ்யூ-1 ஒலி 44,100 என்றே வாசிக்கும். வீதத்தை மாற்றி மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். குரல் இயல்பாகவே இருக்கிறது, ஆனாலும் விலகுகிறது என்றால் நாடாவின் வேகம். நாடா அரை சதவீதம் மெதுவாக ஓடினால் காதுக்குத் தெரியாது, ஆனால் ஒரு மணி நேரத்தில் 18 நொடி விலகும். ஒலித் திருத்தும் நிரலில் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு இடங்களைக் குறித்து, நடுவில் உள்ளதை இழுத்தோ சுருக்கியோ பொருத்தலாம். பொறுமை வேண்டும், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

எம்எஸ்யூ இல்லாமல், ஒலிப்பதிவைத் தனியாகக் கைப்பேசியில் ஓடவிட்டு விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. சூப்பர் ஃபேமிகாம் நொடிக்கு 60.1 படம் காட்டும். உங்கள் திரை சரியாக 60 காட்டி, எமுலேட்டரும் திரையோடு சேர்ந்து ஓடினால் ஆட்டம் ஒரு துளி மெதுவாகிறது. 50 நிமிடத்தில் ஏறக்குறைய 5 நொடி. பாதி வழியில் ஒரு முறை நிறுத்திச் சரிசெய்துகொள்ளுங்கள். எமுலேட்டர் ஐரோப்பிய 50 பட முறையில் ஓடினால் விலகல் நிமிடக் கணக்கில் போகும். மண்டலத்தை ஜப்பானுக்கு மாற்றிவிடுங்கள்.

வேகமாக ஓட்டுவது, பின்னோக்கிச் செல்வது, நடுவில் நிலையைச் சேமித்து ஏற்றுவது இவையெல்லாம் குரலைக் கலைக்கும். சில எமுலேட்டர்கள் நிலையை ஏற்றும்போது ஒலித் தடத்தை முதலிலிருந்து தொடங்கும். அன்று ஆடியவர்களுக்கு நிறுத்தி வைக்கும் வசதி இருந்ததில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்தால்தான் முடியும். நானும் அப்படித்தான் ஆடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு 6 மணிக்கு உட்காருவேன்.

வரைபடத்தில் பாதிக்குப் போகவே முடியவில்லை

சரியாகத்தான் ஓடுகிறது. முதல் செல்டாவில் வெளி உலகம் 16க்கு 8 திரை; இதில் 8க்கு 8. அதிலும் அந்தந்த வாரத்துக்குத் திறக்காத பகுதி மூடப்பட்டிருக்கும். வாரத்துக்கு இரண்டு நிலவறைதான். மூன்றாம் நிலவறையின் வாசலை முதல் வாரக் கோப்பில் தேடினால் கிடைக்காது.

முதல் செல்டாவின் பழைய வழிகாட்டியைப் பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்கும் இதே குழப்பம் வரும். நிலமும் வேறு, நிலவறைகளும் வேறு. வழிகாட்டி எடுக்கும்போது முதல் வரைபடமா இரண்டாவதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் வாரம் வெறுங்கையோடு தொடங்குகிறது

அன்று நான்கு வாரங்களுக்கும் சேமிப்பு இருந்த இடம் ஒன்றே: பிஎஸ்-எக்ஸ் கேட்ரிட்ஜில் உள்ள 32 கிலோபைட் நினைவகம். அதனால் முதல் வாரத்தில் எடுத்தது அடுத்த வாரமும் இருந்தது. எமுலேட்டரிலோ ஒவ்வொரு விளையாட்டுக் கோப்புக்கும் அதன் பெயரில் தனி எஸ்ஆர்எம் (சேமிப்பு) கோப்பு உருவாகும். இரண்டாம் வாரக் கோப்பு முதல் வாரத்தின் சேமிப்பைத் தேடவே தேடாது.

எமுலேட்டரை மூடுங்கள். முதல் வாரத்தின் எஸ்ஆர்எம் கோப்பை நகலெடுத்து, இரண்டாம் வாரக் கோப்பின் பெயரை அதற்கு வையுங்கள். பிறகு திறங்கள். மூடாமல் செய்தால் எமுலேட்டர் வெளியேறும்போது பழைய வெற்றுச் சேமிப்பை மேலே எழுதிவிடும். இந்த ஒரு தவறால் மூன்று வாரச் சேமிப்பை நான் இழந்திருக்கிறேன். பயோஸ் வழியாக ஆடினால் சேமிப்பு பயோஸின் பெயரில் இருக்கலாம், அங்கேயும் தேடுங்கள். வெவ்வேறு ஆட்கள் செய்த பேட்சுகளுக்கு இடையே சேமிப்பை மாற்ற முயல வேண்டாம்.

நிஜ சேட்டலாவியூ வைத்திருப்பவர்களுக்கு

ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் பெயரைக் கேட்கிறதா? கேட்ரிட்ஜில் உள்ள மின்கலம் தீர்ந்துவிட்டது. முப்பது வருடப் பழசு, ஆச்சரியமில்லை. மாற்ற முடியும், ஆனால் பற்றவைப்பு வேலை. மாற்றும்போது உள்ளே இருக்கும் சேமிப்பு போய்விடும், அதனால் ஏதாவது மிச்சமிருந்தால் முதலில் வெளியே எடுங்கள். மெமரி பேக்குக்கு மின்கலம் கிடையாது, அதில் உள்ளது பாதுகாப்பாக இருக்கும்.

பேக்கில் விளையாட்டின் பெயர் தெரிகிறது, தொடங்க மட்டும் மறுக்கிறது என்றால் தொடங்கும் எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். ஒளிபரப்பு விளையாட்டுகள் பலவற்றை இத்தனை முறைதான் தொடங்கலாம் என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். செய்த விதம் அழகானது. ஃபிளாஷ் நினைவகத்தில் அழிக்காமலே 1-ஐ 0 ஆக்கலாம், திருப்பி ஆக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு பிட்டை 0 ஆக்கினார்கள். நகலில் இதைத் திருத்தலாம்: தலைப்பில் இதற்கென்று உள்ள இரண்டு பைட்டையும் 0 ஆக்கினால் கட்டுப்பாடு இல்லை என்று பொருள். கோப்பின் தொடக்கத்தை 0 என்று எண்ணினால், லோரோம் வகையில் 32724, 32725 ஆகிய இடங்கள் (லோரோம், ஹைரோம் என்பவை கோப்பு நினைவகத்தில் அமையும் இரண்டு முறைகள்). ஹைரோமில் 65492, 65493. நகலில் மட்டும் திருத்துங்கள். பேக்கில் கை வைக்க வேண்டாம்.

பேக் படிக்கவே இல்லை என்றால் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். ரப்பரால் தேய்க்காதீர்கள். திரையில் பேக்கைத் துடைத்துப் புதிதாக்கட்டுமா என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜப்பானியம் புரியவில்லையென்றால் எதையும் அழுத்தாமல் மின்சாரத்தை நிறுத்துங்கள். பயன்படுத்திய பேக் ஒன்றை நான் ஒருமுறை வாங்கினேன். விற்றவர் நல்லெண்ணத்தில் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து, சுத்தமாக்கி அனுப்பியிருந்தார். உறையில் பென்சிலால் ஒரு விளையாட்டின் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்காது.

பட்டியலில் காலி என்று காட்டும் பேக்கையும் காலி என்று நம்பாதீர்கள். அழித்ததாகக் குறித்த தரவு, மேலே வேறொன்று எழுதப்படாத வரை உள்ளே கிடக்க வாய்ப்பு உண்டு. பேக்கிலிருந்து நகலெடுக்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால் இருப்பவரிடம் கேளுங்கள். இரண்டு முறை நகலெடுத்து இரண்டும் ஒரே சரிபார்ப்பு எண் தருகிறதா என்று பார்த்த பிறகு பேக்கை இயந்திரத்தில் செருகி விளையாடுங்கள்.